எஸ்ரா பவுண்டுக்கு ஒரு தொகுப்பேடு: வெட்டி ஒட்டுவதற்கான வழிகாட்டி

அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்டைத் தொடர்ந்து படிப்பவர்களின் மேசையில் கொஞ்ச காலத்திலேயே ஒரு காகிதக் குவியல் சேர்ந்துவிடும். கவிதைகளின் நகல்கள், பழைய இதழ்ப் பக்கங்களின் அச்சுகள், புகைப்படங்கள், ஞாயிறு இணைப்புகளில் வந்த கட்டுரைகளின் நறுக்குகள், நூலகத்தில் உட்கார்ந்து எழுதி எடுத்த குறிப்புகள் என்று அது வளர்ந்துகொண்டே போகும். அவற்றை ஸ்கிராப் புத்தகமாக, அதாவது சொந்த உபயோகத்துக்கான ஒரு தொகுப்பேடாக ஒழுங்குபடுத்த விரும்புகிறவர்களுக்காக இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன்.

பசையும் தாளும் வாங்குவதற்கு முன் ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். பவுண்டைப் பற்றிய காகிதங்கள் தாமாகவே இரண்டு குவியல்களாகப் பிரியப் பார்க்கும். ஒன்றில் 1912-இல் லண்டனில் படிமவாதத்தை, அதாவது கூர்மையான காட்சிப் படிமங்களால் சுருக்கமாக எழுதும் கவிதை இயக்கத்தைத் தொடங்கிவைத்தவர், டி. எஸ். எலியட்டின் ‘பாழ்நிலம்’ நெடுங்கவிதையின் கையெழுத்துப் படியைச் செதுக்கிக் கொடுத்தவர், ஜேம்ஸ் ஜாய்ஸுக்கு இதழ்களையும் பண உதவியையும் தேடித் தந்தவர் இருப்பார். மற்றொன்றில் முசோலினியைப் போற்றியவர், இரண்டாம் உலகப் போரின்போது ரோம் வானொலியில் யூதர்கள்மீது வெறுப்பைக் கக்கியவர், தேசத்துரோகக் குற்றச்சாட்டுக்கு உள்ளாகி வாஷிங்டனின் மனநல மருத்துவமனை ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டிருந்தவர் இருப்பார். இரண்டுக்கும் தனித்தனி ஏடு போடுவது வசதியாகத் தோன்றும். அப்படிச் செய்ய வேண்டாம். ஒரே ஏடு, ஒரே கால வரிசை, முடிந்த இடங்களிலெல்லாம் கவிதையும் குற்றமும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்க வேண்டும். இரண்டு ஏடுகள் வைத்திருப்பவர் நாளடைவில் ஒன்றை மட்டுமே திறந்து பார்ப்பார். அது எந்த ஏடு என்பது அவரவர் மனச்சாய்வைப் பொறுத்தது.

ஏடும் பசையும்

கடைகளில் கிடைக்கும் கறுப்புத் தாள் ஆல்பங்கள் புகைப்படத்துக்குப் பொருத்தமானவை, ஆனால் அவற்றில் பென்சிலால் குறிப்பு எழுத முடியாது. பைண்டிங் கடையில் சொல்லிச் செய்துகொள்வதே மேல். 120 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத கார்ட்ரிட்ஜ் தாளை ஏ4 அளவைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, நூல் தைத்து, கேலிகோ அட்டை போடச் சொல்லுங்கள். தைக்கும்போது இரண்டு தாள்களுக்கு ஒரு முறை, விரல் அகலமுள்ள துண்டுத்தாள் ஒன்றை முதுகுப் பக்கத்தில் சேர்த்துத் தைக்கும்படி கேட்பது அவசியம். பின்னால் ஒட்டப்போகும் நறுக்குகளின் கனத்தை அந்த இடைவெளிதான் தாங்கிக்கொள்ளும். அது இல்லாவிட்டால் பாதி நிரம்புவதற்குள்ளேயே ஏடு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

பைண்டர்கள் மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்து பசை செய்வார்கள். அட்டைக்கு அது சரி. உள்பக்கங்களில் நாம் ஒட்டுபவற்றின்மீது மயில்துத்தம் படாமல் இருப்பது நல்லது. உள்ளே பசையை முடிந்தவரை தவிர்த்து, வெள்ளைத் தாளை முக்கோணமாக மடித்து மூலைப் பிடிகள் செய்து, அந்தப் பிடிகளை மட்டும் ஒட்டிவிட்டுப் படங்களை அவற்றில் செருகிவையுங்கள். தேதி தவறென்று தெரிந்தால் உருவி வேறிடத்தில் வைக்கலாம். கால வரிசையில் அமையும் ஏட்டுக்கு இந்த வசதி கட்டாயம் தேவைப்படும். செல்லோடேப்பை ஏட்டின் பக்கமே கொண்டுவரக் கூடாது. அது சில ஆண்டுகளில் மஞ்சளாகிப் பிசின் கக்கி, கழன்று விழுந்த பிறகும் தாளில் கறையை விட்டுச் செல்லும்.

செய்தித்தாள் நறுக்கை அப்படியே ஒட்டாமல் லேசர் பிரிண்ட் ஒன்று எடுத்து அதைச் செருகி, அசல் நறுக்கைப் பட்டர் பேப்பரில் மடித்துத் தனி உறையில் வைப்பதே என் வழக்கம். செய்தித்தாளில் உள்ள அமிலம் பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கும். இங்க்ஜெட் அச்சுகள் நம் ஊர் ஈரப்பதத்தில் கசியும்.

எங்கிருந்து எடுப்பது

பவுண்டின் லண்டன் காலம் இப்போது வீட்டிலிருந்தபடியே கைக்கு எட்டும். சிகாகோவிலிருந்து ஹாரியட் மன்ரோ நடத்திய ‘பொயட்ரி’ இதழ்களும், விண்டம் லூயிஸ் 1914-இல் கொண்டுவந்த ‘பிளாஸ்ட்’ இதழும் எண்ம வடிவில் இணையத்தில் இருக்கின்றன. தனிக் கவிதையாக மட்டும் எடுக்காமல் இதழின் முழுப் பக்கத்தையும் அச்செடுங்கள். அதே இதழில் வேறு யார் எழுதினார்கள் என்பதும் ஒரு செய்தியே. 1912 டிசம்பர் ‘பொயட்ரி’யில் ரவீந்திரநாத் தாகூரின் ஆறு கவிதைகள் வந்தன; லண்டனில் தாகூரைச் சந்தித்த பவுண்டே அவை அங்கே வெளிவரக் காரணமாக இருந்தார்.

பதிப்புரிமையைப் பொறுத்தவரை, இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த பின் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். பவுண்டு இறந்தது 1972-இல் என்பதால் 2032 முடியும்வரை அவருடைய எழுத்துகளுக்கு இங்கே காப்புண்டு. சொந்தப் படிப்புக்காக நியாயமான அளவில் நகல் எடுத்து வைத்துக்கொள்வதற்குச் சட்டம் இடம் தருகிறது. ஏட்டின் பக்கங்களைப் படமெடுத்துப் பொதுவில் போடுவது வேறு விஷயம். புகைப்படங்களில் அந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும்.

இரண்டு வரிகளுக்கு ஒரு பக்கம்

முதல் பகுதியில் அதிக இடம் கொடுக்க வேண்டியது, 1913 ஏப்ரல் ‘பொயட்ரி’யில் வந்த, பாரிஸ் சுரங்க ரயில் நிலையத்தைப் பற்றிய கவிதைக்குத்தான். தலைப்பை விட்டுவிட்டால் இரண்டே வரிகள், பதினான்கு சொற்கள். கூட்டத்தில் தோன்றி மறையும் முகங்கள் முதல் வரியிலும், ஈரமான கரிய கிளைமேல் இதழ்கள் இரண்டாம் வரியிலும் இருக்கும். லா கான்கார்ட் நிலையத்தில் இறங்கியபோது கண்ட அழகிய முகங்களை முதலில் 30 வரிகளில் எழுதியதாகவும், அதை அழித்துவிட்டு ஆறு மாதம் கழித்துப் பாதி நீளத்தில் ஒன்று எழுதியதாகவும், மேலும் ஓராண்டுக்குப் பின்னரே இந்த வடிவம் கிடைத்ததாகவும் பவுண்டு 1914-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். அந்தக் கட்டுரைப் பகுதியைக் கவிதைக்கு எதிர்ப்பக்கத்தில் வையுங்கள்.

கவிதையையும் ஒரு முறை மட்டும் ஒட்டினால் போதாது. இதழில் அது அச்சானபோது சொற்கள் கொத்துக் கொத்தாகப் பிரிக்கப்பட்டு, நடுவே அகலமான வெற்றிடங்கள் விடப்பட்டிருந்தன. வரி முடிவிலிருந்த முக்காற்புள்ளிக்கு முன்பும் வெற்றிடம் இருந்தது. பின்னர் நூல்களில் இடம்பெற்றபோது அந்த வெற்றிடங்கள் மூடப்பட்டன, முக்காற்புள்ளி அரைப்புள்ளியாயிற்று. இரண்டு அச்சுகளையும் மேலும் கீழுமாக வைத்துவிட்டு, அருகிலேயே இதழ் வடிவத்தை ஸ்கேல் வைத்து அளந்து கையால் எழுதிப் பார்ப்பது நல்லது. வெற்றிடத்தை அளந்து எழுதும்போது ஒவ்வொரு கொத்தின் முன்னும் கை தானாக நின்று நகர்வதை உணரலாம். அச்சைக் கண்ணால் மட்டும் பார்க்கும்போது இது எளிதில் புலப்படாது.

அடுத்த சில பக்கங்களை வேகமாகக் கடந்துவிடலாம். 1915-இல் வந்த சீனக் கவிதைத் தழுவல்கள், அமெரிக்க அறிஞர் எர்னஸ்ட் ஃபெனலோசாவின் குறிப்பேடுகளை வைத்து, அப்போது சீன மொழி அறியாத பவுண்டு எழுதியவை. சிற்பி கோதியே-பிரெஸ்கா போர்முனையில் அந்த நூலைப் பையில் வைத்திருந்து படித்தார், அதே ஆண்டு அங்கேயே கொல்லப்பட்டார். அவர் 1914-இல் செதுக்கிய பவுண்டின் தலைச்சிலையின் படம் ஒன்று இங்கே வரலாம். ‘பாழ்நில’த்துக்கு 1971-இல் எலியட்டின் மனைவி வாலெரி எலியட் பதிப்பித்த கையெழுத்துப் படிகளின் நகல் நூலிலிருந்து ஒரு பக்கம் போதும், பவுண்டின் பென்சில் அடித்தல்கள் அடர்த்தியாக உள்ள பக்கமாகத் தேர்ந்தெடுங்கள். மற்றவர்களுக்காக அவர் செய்தவற்றைப் பட்டியலிட்டுப் பக்கங்களை நிரப்பத் தோன்றும். அவை உண்மையே என்றாலும், பின்னால் வருவதற்கான முன்ஜாமீன்போல அவை அமைந்துவிடக் கூடாது என்பதால் ஒரு விரிபக்கத்தோடு நிறுத்திக்கொள்வதே என் ஆலோசனை.

வட்டியும் வானொலியும்

பவுண்டு பல பத்தாண்டுகள் பகுதி பகுதியாக எழுதிய நெடுங்கவிதை ‘காண்டோஸ்’; அதன் ஒவ்வொரு காண்டமும் ஒரு காண்டோ. 1937-இல் வெளிவந்த பகுதியிலுள்ள 45-ஆம் காண்டோ, வட்டியைச் சாடும் பாடல். வட்டி நுழைந்த இடத்தில் நல்ல கல்வீடு இல்லை, நெய்பவனுக்குத் தறி இல்லை, ரொட்டிகூடக் கலப்படமாகிறது என்று திரும்பத் திரும்ப வரும் அடுக்கில், மந்திரம் ஓதுவதுபோல் அது எழுதப்பட்டுள்ளது. கந்துவட்டியால் குடும்பங்கள் அழிவதை அறிந்த நம் வாசகருக்கு இந்தப் பாடல் உடனே பிடித்துவிடும், பிடிப்பதில் தவறும் இல்லை. ஆனால் பவுண்டிடம் வட்டி எதிர்ப்பு வட்டியோடு நிற்கவில்லை. 1930-களிலேயே அது யூதர்கள்மீதான பழியாகத் திரும்பிவிட்டது. 1933 ஜனவரி 30 அன்று அவர் ரோமில் முசோலினியை நேரில் சந்தித்தார். தன் பொருளாதாரக் கனவுகளை நிறைவேற்றக்கூடிய தலைவராக அவரைக் கண்டார். ஆகவே இந்தப் பாடலுக்கு எதிர்ப்பக்கத்தை வெறுமையாக விடாமல், அந்தச் சந்திப்பைப் பற்றிய குறிப்பையும், அதே ஆண்டுகளின் கட்டுரைகளில் வட்டியையும் யூதர்களையும் அவர் பிணைத்து எழுதிய ஒரு பத்தியையும் வைக்க வேண்டும். ஓரத்தில் பென்சிலால், 1972-க்கான பக்க எண்ணைக் குறித்துவையுங்கள். தான் நோயின் அறிகுறியையே காரணமாக எடுத்துக்கொண்டதாகவும், உண்மையான காரணம் பேராசைதான் என்றும் அந்த ஆண்டு ஜூலையில் தன் உரைநடைத் தேர்வு நூலின் முன்னுரையில் அவர் எழுதியது அங்கே இருக்கும். அதை இழுத்துவந்து இங்கேயே ஒட்டினால், 35 ஆண்டுகள் கழித்து வந்த சொல் அன்றே வந்ததுபோல் ஆகிவிடும்.

வானொலி உரைகளைக் கையாள்வதே இந்த வேலையில் மிகச் சிக்கலானது. 1941 ஜனவரியிலிருந்து 1943 ஜூலை வரை, இத்தாலிய அரசிடம் ஊதியம் பெற்றுக்கொண்டு, அமெரிக்காவையும் பிரிட்டனையும் நோக்கி ஆங்கிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட உரைகளை அவர் ஆற்றினார். பெர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பின் சில வாரங்கள் நிறுத்திவிட்டு, 1942 ஜனவரி இறுதியில் மீண்டும் தொடங்கினார் என்பதைத் தலைப்புக் குறிப்பில் கட்டாயம் எழுதுங்கள். தன் நாடு போரில் இறங்கிய பிறகும் எதிரி நாட்டின் வானொலியில் பேசியதே தேசத்துரோக வழக்கின் மையம். குற்றச்சாட்டு பதிவானது 1943 ஜூலை 26 அன்று. முசோலினி பதவியிழந்ததற்கு மறுநாள்.

இந்த உரைகளின் எழுத்து வடிவம் 1978-இல் நூலாக வந்துள்ளது. பக்கம் பக்கமாக நகலெடுத்து ஒட்டினால், தொகுப்பேடு அந்த வசைகளுக்கு இன்னொரு மேடையாகிவிடும். ஒன்றுமே வைக்காமல் ‘சர்ச்சைக்குரிய உரைகள்’ என்று ஒரு வரியில் முடித்தால், படிப்பவருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. என் அளவுகோல் இதுதான்: ஒரே ஓர் உரையைத் தேர்ந்தெடுத்து, தேதியோடு, அதன் வாதம் எப்படித் தொடங்கி எங்கே போகிறது என்பதை உங்கள் சொந்த உரைநடையில் பத்துப் பன்னிரண்டு வரிகளில் எழுதி, அவர் சொற்களாக ஒரு வாக்கியத்தை மட்டும் மேற்கோள் குறிக்குள் வையுங்கள். குறிப்பில் ‘யூத வெறுப்பு’ என்றே எழுதுங்கள். இந்தப் பக்கத்துக்கு அலங்காரக் கரை, வண்ணத் தாள் எதுவும் வேண்டாம்.

இங்கே சேர்க்க வேண்டிய இன்னொன்றைப் பலர் அறியாமலே விட்டுவிடுவார்கள். போரின் கடைசிக் கட்டத்தில் பவுண்டு இத்தாலிய மொழியில் எழுதிய 72, 73-ஆம் காண்டோக்கள் பாசிசத்துக்கு ஆதரவானவை. அவை தொகுப்பு நூலில் பல பத்தாண்டுகள் விடுபட்டிருந்து, 1980-களில்தான் சேர்க்கப்பட்டன. உங்களிடம் இருப்பது பழைய பதிப்பு என்றால் 71-இலிருந்து 74-க்கு அது தாவுவதைக் காணலாம். அந்தத் தாவலையே நகலெடுத்து வைப்பதும் ஓர் ஆவணம்தான்.

பீசாவும் பரிசும்

1945 மே மாதத் தொடக்கத்தில் இத்தாலியின் பாசிச எதிர்ப்புப் படையினர் வீட்டுக்கு வந்து அழைத்துச் சென்றபோது, கன்பூசியஸ் நூலையும் சீன அகராதியையும் அவர் எடுத்துச் சென்றார். பீசாவுக்கு அருகே அமெரிக்க இராணுவத்தின் தண்டனை முகாமில், வலுவூட்டிய இரும்புக் கம்பி வலையால் ஆன திறந்த கூண்டில், இரவெல்லாம் விளக்கொளி விழ, அறுபதை நெருங்கும் வயதில் ஏறத்தாழ மூன்று வாரங்கள் அடைக்கப்பட்டார். உடல்நிலை மோசமான பிறகு கூடாரத்துக்கு மாற்றப்பட்டார். 74 முதல் 84 வரையிலான ‘பீசா காண்டோக்கள்’ அங்கே உருவானவை.

இந்தப் பகுதியிலிருந்து தேர்வு செய்யும்போது எல்லோரும் 81-ஆம் காண்டோவுக்குத்தான் போவார்கள். மிகவும் நேசித்தது மட்டுமே நிலைக்கும் என்றும், உன் தற்பெருமையைக் கீழே இறக்கு என்றும் வரும் வரிகள் அதில்தான் இருக்கின்றன. எந்தத் தொகை நூலைப் புரட்டினாலும் அவற்றைக் காணலாம். அவற்றை வையுங்கள், ஆனால் எதிர்ப்பக்கத்தில் 74-ஆம் காண்டோவின் தொடக்கம் இருக்கட்டும். மிலானில் தலைகீழாகத் தொங்கவிடப்பட்ட முசோலினிக்கான ஒப்பாரியோடுதான் இந்த வரிசையே தொடங்குகிறது. தற்பெருமையை இறக்கச் சொல்வது தன்னையா, தன்னைச் சிறைவைத்தவர்களையா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுவதற்குக் காரணம், இந்த இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் படித்தால்தான் விளங்கும்.

பொலிங்கன் பரிசுக்குக் குறைந்தது நான்கு பக்கங்கள் ஒதுக்குங்கள். பவுண்டைப் பற்றிய எல்லா வாதங்களுக்கும் இதுவே மூலம். ‘பீசா காண்டோக்க’ளுக்கு 1,000 டாலர் பரிசு அளிப்பதாக 1949 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. வழங்கியது அமெரிக்க நாடாளுமன்ற நூலகம். நடுவர் குழுவில் எலியட், ஆடன், ராபர்ட் லோவல், ஆலன் டேட் போன்ற கவிஞர்கள் இருந்தார்கள். பெற்றவரோ தேசத்துரோக வழக்கில் விசாரணைக்குத் தகுதியற்ற மனநிலையில் உள்ளவர் என்று முடிவுசெய்யப்பட்டு, அரசின் செயின்ட் எலிசபெத்ஸ் மருத்துவமனையில் இருந்தவர். மனநல மருத்துவமனையில் உள்ள பவுண்டு, துரோகிகளின் சிறையில் எழுதிய கவிதைக்குப் பரிசு பெறுகிறார் என்ற பொருளில் ‘நியூயார்க் டைம்ஸ்’ தலைப்புப் போட்டது.

முதல் பக்கத்தில் அந்தச் செய்தியின் நகலை வையுங்கள். இரண்டாம் பக்கத்தில் நடுவர் குழு தன் அறிவிப்பிலேயே சொன்ன நியாயம் வரட்டும்: கவிதைச் சாதனையைத் தவிர மற்றவை முடிவைத் தீர்மானிக்க அனுமதித்தால் பரிசின் பொருளே கெடும் என்பது அதன் சாரம். மூன்றாம் பக்கம், எதிர்த்து வாக்களித்த நடுவர் கார்ல் ஷப்பீரோவுக்கு. தான் ஒரு யூதர் என்பதால் யூத வெறுப்பாளர் ஒருவரைக் கௌரவிக்க இயலாது என்பதோடு, கவிஞரின் அரசியல், அறநிலை கடைசியில் அவர் கவிதையையும் கெடுத்துவிடும் என்பதும் அவருடைய வாதம். நான்காம் பக்கத்தில் விளைவு: அந்த ஆண்டே நூலகம் பரிசுகள் வழங்கும் வேலையைக் கைவிட நேர்ந்தது, பொலிங்கன் பரிசு யேல் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. இந்த நான்கு பக்கங்களிலும் உங்கள் கருத்தை எழுத வேண்டாம். எழுதியே தீர வேண்டுமென்றால் தனிச் சீட்டில், நீங்கள் எழுதும் தேதியைக் குறித்து, மூலைப் பிடியில் செருகிவையுங்கள். பிறகு கருத்து மாறினால் பழைய சீட்டைக் கிழிக்காமல் அதன் மேல் புதியதை வைக்கலாம்.

மருத்துவமனை முதல் வெனிஸ் வரை

செயின்ட் எலிசபெத்ஸ் ஆண்டுகளுக்குச் சிறந்த ஆவணம் அமெரிக்கக் கவிஞர் எலிசபெத் பிஷப் எழுதிய கவிதை. குழந்தைப் பாடலின் அடுக்கு வடிவில், ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் அடி கூடிக்கொண்டே போகும் அந்தக் கவிதையில், அந்த மனிதருக்கான அடைமொழி மாறிக்கொண்டே இருக்கும்: துயரமானவர், ஓயாது பேசுபவர், மதிக்கப்படுபவர், கொடியவர், சலிப்பூட்டுபவர், இழிநிலையில் இருப்பவர். அடைமொழிகளை மட்டும் வரிசையாக ஒரு பத்தியில் எழுதிவைத்துப் பாருங்கள். அடுத்த பக்கத்தில், அதே மருத்துவமனைக்கு வந்துபோன ஜான் காஸ்பர் என்ற சீடரைப் பற்றிய செய்தி இருக்க வேண்டும். கறுப்பினக் குழந்தைகள் வெள்ளையர் பள்ளிகளில் சேர்வதை எதிர்த்து 1950-களில் கிளர்ச்சி செய்தவர் அவர். போரோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பக்கம் தேவை.

1958 ஏப்ரலில் வழக்கு கைவிடப்பட்டது. அந்த ஜூலையில் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் இறங்கியவுடன் அவர் பாசிச வணக்கம் செய்யும் புகைப்படம் பிரபலமானது. அதைச் சிறிதாக்காமல் வையுங்கள். அதன் பின் நீண்ட மௌனம். 1967-இல் வெனிஸில் அமெரிக்க யூதக் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க்கிடம், தன் மிக மோசமான தவறு அந்த முட்டாள்தனமான யூத வெறுப்பே என்ற பொருளில் அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது.

குறிப்பு எழுதும் முறைக்கு இந்தக் கூற்றே நல்ல எடுத்துக்காட்டு. ஒவ்வொரு பொருளுக்கும் கீழே நான்கு செய்திகள் வேண்டும்: நிகழ்ந்த நாள், சொன்னவர், அதை எழுத்தில் பதிந்தவர், நீங்கள் நகலெடுத்த இடம். வானொலி உரைக்கு இந்த நான்கையும் நிரப்பினால், அவரே எழுதிப் பேசியது, அமெரிக்க அரசின் கண்காணிப்பு நிலையம் பதிவு செய்தது என்று வரும். கின்ஸ்பெர்க் உரையாடலுக்கு நிரப்பினால், உடனிருந்தவர்கள் நினைவிலிருந்து எழுதியது என்று வரும். மன்னிப்பை நம்புவதா என்ற கேள்விக்கு விடை சொல்வது உங்கள் வேலை அல்ல. இரண்டு சான்றுகளின் எடை ஒன்றல்ல என்பது தெரிந்தால் போதும்.

1972 நவம்பர் 1 அன்று வெனிஸில் அவர் இறந்தார், சான் மிக்கேலே கல்லறைத் தீவில் அடக்கம் செய்யப்பட்டார். அந்தப் பக்கத்துக்குப் பின் இருபது தாள்களாவது காலியாக விட்டுவையுங்கள். இத்தாலியில் காசாபவுண்ட் என்ற தீவிர வலதுசாரி இயக்கம் அவர் பெயரை எடுத்துக்கொண்டதும், அதை எதிர்த்து மகள் மேரி டி ரக்கவில்ட்ஸ் சட்ட நடவடிக்கை எடுத்ததும் அங்கேதான் வர வேண்டும். அந்தச் செய்திகள் இன்னும் நிற்கவில்லை. ஏட்டை நிமிர்த்தி வைக்காமல் படுக்கவைத்து, அலமாரியில் வசம்புத் துண்டுகளைப் போட்டு, மழைக்காலம் முடிந்ததும் பக்கங்களை விரித்து நிழலில் காற்றாட விடுங்கள். பாச்சை உருண்டை போடுவதானால் தாளில் படாமல் துணியில் முடிந்து போடவும்.